மேற்கு அறை, மதியம் மூன்று மணி

அந்த ஞாயிற்றுக்கிழமை, எங்கள் காலனியை வரைந்த ஆர்க்கிடெக்ட் ஜசிந்தா மேடம் எங்கள் வீட்டுக்குத் தூங்க வருவதாக இருந்தது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மேற்கு அறையில் பாய் போட்டு, பன்னிரண்டு மணியிலிருந்து நான்கு மணி வரை படுத்துப் பார்க்கப் போவதாகச் சொல்லியிருந்தார். அம்மா காலையிலேயே அறையைக் கழுவிவிட்டு, பரணில் சுருட்டி வைத்திருந்த புதுப் பாயை இறக்கி விரித்தாள். அப்பா வேலை இல்லாத நாளிலும் வெளியே போய்விட்டார். பன்னிரண்டாயிற்று. ஒன்றாயிற்று. சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னால் வருகிறவர் மேடம். மூன்று மணிக்கு நான் தெர்மாமீட்டரைப் பார்க்கக் குனிந்தபோது அம்மாவின் போன் அடித்தது. நான் எடுத்தேன். மேடத்தின் அலுவலகத்தில் வேலை பார்க்கும் இளவரசன் சார்.

“அம்மா இல்லயா? சரி, நீயே சொல்லிடுமா. மேடம் காலைல சர்ச்சுல பூசைக்குப் போயிட்டு வந்து நாற்காலில உக்காந்தாங்களாம். அப்படியே...” அவரால் முடிக்க முடியவில்லை.

எனக்கு முதலில் அழுகை வரவில்லை. மூச்சு லேசானது. இனி அவர் இந்த அறைக்கு வரமாட்டார், தப்பித்தோம் என்று நினைத்தேன். ஒரு நொடிதான். பிறகு அந்தப் புதுப் பாயைப் பார்த்தேன். அழுகை அப்போதுதான் வந்தது. மேடத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அந்த ஒரு நொடியைத் தாண்டி எனக்கு வேறெங்கும் போக முடியவில்லை. சனிக்கிழமை வகுப்பில் அவரிடம் படித்த நீங்கள் எல்லோரும் அது ஏன் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

பத்து நாள் கழித்து இளவரசன் சார் எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா தண்ணீர்ச் சொம்பை நீட்டினார். சார் அதை வாங்காமலே பேசிக்கொண்டிருந்தார்.

“நினைவு மலர் போடறோம் மேஸ்திரி. வகுப்புல இருந்தவங்க எல்லாரும் ஆளுக்கு ஒரு பக்கம். திவ்யாவும் எழுதணும். இந்தப் பொண்ணு நோட்ட வச்சுத்தான் நான் பாடமே எடுக்கிறேன்னு மேடம் எப்பவும் சொல்வாங்க இல்ல?”

“எழுதும் சார்,” என்றார் அப்பா.

“இன்னொண்ணு. பக்கத்து மனையில வர்ற முப்பது வீட்டுக்கும் மேடம் பேர்தான் வைக்கப் போறோம். ப்ளான் திங்கக்கிழமை அப்ரூவலுக்குப் போவுது. மேற்குப் பக்கம் சன்ஷேடு எல்லாம் எடுத்தாச்சு. மேடம் கடைசியா ஒத்துக்கிட்ட நம்பர வச்சேதான் வரைஞ்சிருக்கோம்.”

அவர் போன பிறகு அப்பா வாசலையே பார்த்துக்கொண்டு சொன்னார்: “நல்லா எழுதுமா. தங்கமானவங்கன்னு எழுது. அத்தோட நிறுத்திக்க.”

அப்படி ஒரு பக்கம் எழுதினேன். மேடம் எளிமையானவர், அன்பானவர், நேரம் தவறாதவர் என்று. அப்பா வாசிக்கச் சொல்லிக் கேட்டார். நல்லாருக்கு என்றார். அந்தப் பக்கம் முன் அறை மேசையில் இருக்கிறது. இது இரண்டாவது. இது அப்பாவுக்குத் தெரியாது. அம்மாவுக்கு இன்று நைட் ஷிப்டு. அப்பா முன் அறையில் தூங்குகிறார். நான் மேற்கு அறையில் கெமிஸ்ட்ரி புத்தகத்தைத் திறந்து, அதற்குள் தாள் வைத்து எழுதுகிறேன். தலைக்கு மேலே தளம் இன்னும் சூட்டை விட்டுக்கொண்டிருக்கிறது.

எங்கள் காலனியைப் பார்க்காதவர்களும் இதை வாசிக்கலாம். தவளக்குப்பம் சந்திப்பிலிருந்து உள்ளே வந்தால், வயலை ஒட்டிப் பத்து வீடுகள். குறைந்த செலவில், வெயிலுக்குத் தாங்குகிற மாதிரி மேடம் வரைந்தவை. கட்டிய மேஸ்திரி என் அப்பா ஏழுமலை. பத்தாவது வீடு எங்களுக்குக் கிடைத்தது. வீட்டுக்கு இரண்டு அறை. முன் அறை கிழக்கே பார்த்தது, பின் அறைக்கு மேற்கு வெயில். தளம் போடும்போது பலகைமேல் மண்சட்டிகளைக் கவிழ்த்து அடுக்கி, இடையில் கம்பி கட்டி, மேலே கான்கிரீட் போட்டார்கள். முன் அறையில் நிமிர்ந்து பார்த்தால் சட்டிகளின் வட்டங்கள் வரிசையாகத் தெரியும். படுக்கிற அறையில் பல்லி அண்டும் என்று பெண்கள் சொன்னதால், பத்து வீட்டிலும் பின் அறைக்கு மட்டும் பூச்சு பூசி வெள்ளையடித்துவிட்டார்கள். அந்தக் காலத்து அறிவு, ஆஹா என்று யாராவது புகழ்ந்தால் மேடத்துக்குப் பிடிக்காது. “சிமெண்டு கம்மி, கனம் கம்மி, நடுவுல காத்து. அவ்ளோதான். ஆஹாவுக்கு இதுல இடமில்ல,” என்பார்.

வகுப்பைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பல வருடமாகத் தொழிலில் இருக்கிற ஆர்க்கிடெக்ட்கள் நீங்கள். சிலர் சான்றிதழுக்காகவே வந்ததாக இளவரசன் சார் சொல்லியிருக்கிறார். மேடத்துக்கும் அது தெரியுமாம். முதல் நாளே, “சர்டிபிகேட் எல்லாருக்கும் உண்டு. பயம் விட்டுடுச்சு இல்ல? அலோர், இனிமே கத்துக்கலாம்,” என்றாராம். அலோர் என்றால் பிரெஞ்சில் ‘சரி, அப்போ’. அவர் வீட்டில் பெரியவர்கள் பிரெஞ்சு பேசுவார்கள். கோபம் வந்தாலும் சிரிப்பு வந்தாலும் அவருக்கும் அதுதான் முதலில் வரும். எங்கள் வீட்டுக்கு முதன்முதல் வந்தபோது சுவரைத் தட்டிக்கொண்டே அம்மாவிடம் சொன்னார்: “எங்க தாத்தா கட்டின வீட்ல சுவர் அகலம் ரெண்டு முழம் இருக்கும் செல்வி. உள்ள உக்காந்தா வெயில்னே தெரியாது. அங்க உக்காந்துகிட்டு உங்க வீடு சூடா இல்லையான்னு நான் சொல்லக்கூடாது. நீங்கதான் சொல்லணும்.”

அதற்காகத்தான் கோடை விடுமுறையில் இரண்டு தெர்மாமீட்டர் கொண்டுவந்தார். சிவப்புக் கோடு ஏறுகிற கண்ணாடிக் குழாய். பத்து வீட்டில் எங்கள் வீட்டை அவரே தேர்ந்தெடுத்தார்.

“மேஸ்திரி, உங்க வீட்லயே மாட்டிடறேன். கட்டினவர் வீடுன்னா குறை இருக்காது, பாருங்க.”

அப்பா சிரித்தார். வழக்கமான சிரிப்பு இல்லை. அன்று எனக்கு அது புரியவில்லை.

அதைத் தொங்கவிட இளவரசன் சார் நம் கண் உயரத்துக்கு நூல் கட்டப் போனார். மேடம் தடுத்தார். “மத்தியானம் இந்த வீட்ல தூங்கறது யாரு?”

“நான்தான் மேடம். நைட் ஷிப்டு முடிஞ்சு வந்து சமைச்சுட்டு படுப்பேன்,” என்றாள் அம்மா. மாத்திரை அட்டைகளை டப்பாவில் அடைக்கிற கம்பெனியில் அவளுக்கு வேலை. “முன்னால தெரு சத்தம். அதனால பின் ரூம்லதான்.”

“பாய்லயா, கட்டில்லயா?”

“பாய்ல.”

மேடம் தரையில் உட்கார்ந்து, பாயில் அம்மாவின் தலை இருக்கும் இடத்தைக் கையால் அளந்து, அந்த உயரத்தில் தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டார். “மத்தியானம் வீட்ல ஆள் இருக்காதுன்னு நினைச்சுத்தான் நாம எல்லாரும் ப்ளான் போடறோம் இளவரசன். யாரு தூங்கறாங்கன்னு கேக்காம இனிமே பென்சிலத் தொடாதீங்க.”

என்னிடம் ஒரு நீள நோட்டைக் கொடுத்தார். நாள், நேரம், முன் அறை, மேற்கு அறை என்று கட்டம் போட்டிருந்தது. கடைசிக் கட்டத்தில் ‘எழுதியவர்’ என்று இருந்தது. நாலு வேளையும் நான்தானே எழுதப் போகிறேன், ஒவ்வொரு முறையும் பெயர் எதற்கு என்று கேட்டேன்.

“நம்பர் தனியா நிக்கக்கூடாது பாப்பா. பக்கத்துல ஒரு பேர் நிக்கணும். அப்பதான் அதுக்கு வெக்கம் இருக்கும்,” என்றார். எல்லோரும் சிரித்தோம்.

முதல் நாள் பார்த்ததை அப்படியே எழுதினேன். மதியம் மூன்று மணி: முன் அறை முப்பத்தைந்து, மேற்கு அறை முப்பத்தொன்பது. பக்கத்தில் என் பெயர். சாயங்காலம் அப்பா கை கால் கழுவிவிட்டு வந்து நோட்டைப் பார்த்தார்.

“இன்னாமா இது, பின் ரூம்ல முப்பத்தொம்பது?”

“அவ்ளோதாம்ப்பா காட்டுச்சு.”

அவர் எழுந்து மேற்கு அறைக்குள் போனார். வெகுநேரம் வரவில்லை. திரும்பி வந்து என் எதிரே குந்திக்கொண்டார்.

“நாளைலேர்ந்து இந்த ரூமுக்கு மட்டும் மூணு கொறைச்சு எழுது.”

“ஏம்ப்பா?”

“அந்தத் தளத்துல சட்டி இல்ல.”

கடைசி இரண்டு வீட்டுக்கும் சட்டிகள் ஒரே லாரியில் வந்தன. வழியில் கால்வாசி உடைந்துவிட்டது. ஒன்பதாவது வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் ஒரே நாளில் தளம் போட வேண்டியிருந்தது. மழை இருட்டிக்கொண்டு வந்தது. அடுத்த லாரி வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். மேடம் அன்று வகுப்பில் இருந்தார். அப்பா உடையாத சட்டிகளை ஒன்பதாவது வீட்டுக்கு முழுதாக அடுக்கினார். மிஞ்சியது எங்கள் முன் அறைக்குத்தான் போதுமாக இருந்தது. பின் அறைக்குச் சட்டி இல்லாமல் கான்கிரீட்டையே கொட்டி நிரப்பிவிட்டார். எல்லா அறையிலும் சட்டி வைத்ததாகத் தாளில் கையெழுத்தும் போட்டுவிட்டார்.

“கம்பி கூடப் போட்டிருக்கேன், கனத்துக்குத் தாங்கும். அதுக்குப் பயப்படாத. அடுத்தவங்க வீட்ல கொறைச்சா பாவம். நம்ம வீடுதானேன்னு விட்டேன். நம்ம வீட்லயே கொண்டாந்து மாட்டுவாங்கன்னு யாரு கண்டா?”

“மேடத்துகிட்ட சொல்லிடலாம்ப்பா. திட்டமாட்டாங்க.”

“அவங்க திட்டமாட்டாங்க. மத்தவங்க? ஏழுமலை பத்து வீட்லயும் இன்னா பண்ணானோன்னு ஒவ்வொண்ணா ஒடைச்சுப் பாப்பாங்க. முப்பது வீட்டு வேல வேற மேஸ்திரிக்குப் போயிடும். நீ பன்னண்டாவது படிக்கணுமா வேணாமா?”

நோட்டின் முதல் பக்கத்தைக் கிழித்தேன். இரண்டாம் பக்கத்திலிருந்து மறுபடி தொடங்கினேன்.

கழிப்பது முதல் சில நாள்தான் கஷ்டமாக இருந்தது. ஒரு வாரத்தில் கழிக்கவே தேவைப்படவில்லை. சிவப்புக் கோடு முப்பத்தொன்பதில் நிற்கும், என் கண் முப்பத்தாறு என்று வாசிக்கும். பக்கத்தில் பாயில் அம்மா ஈரத்துண்டை வயிற்றில் போட்டுக்கொண்டு புரண்டு புரண்டு படுப்பாள். நான் முப்பத்தாறு என்று எழுதி, பெயரும் எழுதுவேன். அவளுக்குத் தெரியுமா என்று நான் கேட்டதில்லை. அவளும் நோட்டைக் கேட்டதில்லை.

மே மாதக் கடைசியில் நீங்கள் எல்லோரும் எங்கள் வீட்டைப் பார்க்க வந்தீர்கள். மேடத்தின் வழக்கப்படி யாரும் தெர்மாமீட்டரைப் பார்க்கக்கூடாது. முதலில் சுவரில் உள்ளங்கையை வைத்து எத்தனை என்று சொல்ல வேண்டும். “முதல்ல கை, அப்புறம் நம்பர்,” என்று கத்திக்கொண்டே உங்களை வரிசையில் நிற்க வைத்தார். முன் அறையில் ஒருவர் இருபத்தெட்டு என்று சொல்ல, “சார் கை ஏசி ஆபீஸ்லயே தங்கிடுச்சு, திருப்பி வாங்கிட்டு வாங்க,” என்றார். தெரு வரைக்கும் சிரிப்பு கேட்டது.

மேற்கு அறைக்கு வந்தபோது, வாசுகி மேடம், உங்களுக்கு நினைவிருக்கும், நீங்கள் சுவரில் கை வைத்ததும் எடுத்துவிட்டீர்கள்.

“சுடுது மேடம். நோட்டுல முப்பத்தாறுன்னு இருக்கு. மேற்கு ரூமுக்கு இது வராது.”

நான் கதவோரம் நின்றிருந்தேன். அப்பா எனக்குப் பின்னால். அவர் மூச்சு விடுவது என் தலைமுடியில் பட்டது. மூலையில் ஒட்டடைக்கோல் சாத்தியிருந்தது. நீங்கள் அதைக் கையில் எடுத்தீர்கள்.

“சட்டி இருந்தா தட்டினா சத்தம் வேற மாதிரி வரும் இல்ல? ஒரு தட்டு தட்டிப் பாக்கட்டுமா?”

“வேணாங்க மேடம். பூச்சு உதிரும்,” என்றார் அப்பா. குரல் அவருடையதாகவே இல்லை.

அந்த நேரம் கோல் தளத்தில் பட்டுவிட வேண்டும் என்று எனக்குள் ஒரு பக்கம் வேண்டிக்கொண்டது. இன்னொரு பக்கம் படக்கூடாது என்று வேண்டிக்கொண்டது. ஜசிந்தா மேடம் உங்கள் கையிலிருந்து கோலை வாங்கி, இருந்த இடத்திலேயே சாத்தினார்.

“வீட்டுக்காரர் வேணாம்னா வேணாம். நம்ம வீட்டுக்குள்ள வந்து யாராவது தட்டினா விடுவோமா?”

“ஆனா கை சுடுதே மேடம். நீங்கதானே முதல்ல கைன்னு சொன்னீங்க?”

மேடம் தன் உள்ளங்கையைச் சுவரில் வைத்தார். எடுக்கவில்லை. நான் எண்ணினேன். இருபது வரை எண்ணினேன். பிறகு நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

“கை ஒரு நிமிஷம் சொல்லுது வாசுகி. இந்தப் பொண்ணு ஒரு மாசமா நாலு வேளையும் எழுதியிருக்கா. ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல பேர் போட்டிருக்கா. நான் பேர நம்பறேன்.”

அவர் வாழ்நாளில் தன் கையை விட்டு ஒரு நம்பரை நம்பியது அந்த ஒரு தடவையாகத்தான் இருக்கும். என் பெயர் பக்கத்தில் இருந்ததால் நம்பினார்.

அடுத்த சனிக்கிழமை அம்மாவையும் என்னையும் வகுப்புக்கு அழைத்தார். கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி அந்த மாடி ஹால். ஜன்னல் கதவுகளைச் சாத்தி வைத்தும் காற்று எங்கிருந்தோ வந்தது. “இன்னைக்கு நான் பெஞ்சுல உக்காரப் போறேன். பாடம் எடுக்கப் போறது செல்வி,” என்று அறிவித்துவிட்டு நிஜமாகவே பின் வரிசையில் போய் உட்கார்ந்தார். அம்மா புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள். சமையல் புகை எந்தப் பக்கம் போகிறது, மழைச் சாரல் எங்கே அடிக்கிறது, துணி எங்கே காய்கிறது என்று நீங்கள் கேட்டீர்கள். அவள் சொன்னாள். பிறகு உங்களில் ஒருவர் கேட்டார்: “பின் ரூம்ல மத்தியானம் தூக்கம் வருதாம்மா?”

அம்மா என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும் என்று அந்தப் பார்வையில் தெரிந்துகொண்டேன்.

“பழகிடுச்சு சார்.”

பின் வரிசையிலிருந்து மேடத்தின் குரல் வந்தது. “எழுதிக்குங்க. பழகிடுச்சுன்னா நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்ல. இத விட மோசமான பதில் எனக்கு இந்த வேலையில கிடைச்சதே இல்ல.” சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் குனிந்து செருப்பைப் பார்த்தேன்.

ஆனால் என் நோட்டின் பக்கம் திரையில் பெரிதாக இருந்தது. மூன்று மணிக்கு மேற்கு அறை, முன் அறையை விட ஒரே ஒரு கோடு, ஒரு டிகிரிதான் அதிகம். அப்படியானால் சட்டித் தளம் மட்டுமே போதும், முப்பது வீட்டு ப்ளானில் மேற்குச் சுவருக்கு வெயில் மறைக்கப் புதிதாகச் சேர்த்த நீள சன்ஷேடு தேவையில்லை, அதை எடுத்துவிட்டால் மிஞ்சும் பணத்தில் கழிப்பறையை வீட்டோடு சேர்த்துக் கட்டிவிடலாம் என்று பேசினீர்கள். நல்ல எண்ணத்தில்தான் பேசினீர்கள். கரும்பலகையில் வரைந்திருந்த சன்ஷேடை யாரோ விரலால் அழித்தார்கள். அது அழிந்ததை நான் பார்த்தேன். எழுந்து சொல்லியிருக்கலாம்.

வகுப்பு முடிந்து படியிறங்கியதும் இளவரசன் சார் எங்களுக்கு ஆட்டோ பிடிக்கப் போனார். மேடமும் அம்மாவும் நானும் மட்டும் வாசலில் நின்றோம்.

“செல்வி, நாளைக்கு ஞாயித்துக்கிழமை, நான் வந்து உங்க இடத்துல படுக்கறேன். பன்னண்டுலேர்ந்து நாலு. எனக்குன்னு ஒண்ணும் சமைக்காதீங்க.”

“அய்யய்யோ, அந்த வெக்கையில நீங்க எதுக்கு மேடம்?” அம்மாவின் வாயிலிருந்து வந்துவிட்டது.

மேடம் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். “வெக்கையா? சரி. வந்து பாக்கறேன். அதுவரைக்கும் அந்த சன்ஷேடு விஷயத்துல நான் கையெழுத்து போடமாட்டேன்.” என் தோளில் கை வைத்தார். “நீ ஏன் பாப்பா இப்படி வேர்க்கற? அங்க படுக்கப் போறது நான்தானே?”

இளவரசன் சார், நீங்கள் ஆட்டோவோடு வந்தபோது பேச்சு முடிந்துவிட்டது. இதைக் கேட்டது அம்மாவும் நானும்தான். மேடம் அந்த நம்பரை ஒத்துக்கொள்ளவில்லை. அவர் கடைசியாகச் சொன்னது, வந்து பார்க்கிறேன் என்பது.

நீங்கள் வந்து ப்ளானைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போன பிறகு எனக்கு ஒன்று தோன்றியது. முப்பத்தாறு என்பது சட்டித் தளத்தின் நம்பர் இல்லை, அப்பா சொன்ன நம்பர். சட்டி ஒழுங்காக வைத்த மேற்கு அறையில் எத்தனை காட்டும் என்று யாருக்கும் தெரியாது. ஒன்பதாவது வீட்டில் தெரிந்துகொள்ளலாம். சனிக்கிழமை பள்ளி விடுமுறை. முன் அறைத் தெர்மாமீட்டரைக் கழற்றிக்கொண்டு அந்த வீட்டுப் பாக்கியம் அக்காவிடம் போனேன்.

“இன்னாடி, செத்துப் போனவங்க வேலைய நீ எடுத்துக்கினியா?”

“ஸ்கூல் ப்ராஜெக்டுக்கா.”

“மாட்டிக்க, மாட்டிக்க. அது எத்தினி காட்டினாலும் நான் இங்கதான் கெடக்கணும்.”

சனி, ஞாயிறு இரண்டு நாளும் மூன்று மணிக்குப் பார்த்தேன். எங்கள் மேற்கு அறை முப்பத்தெட்டு. பாக்கியம் அக்காவின் மேற்கு அறை, தளம் முழுக்கச் சட்டி இருந்தும், முப்பத்தேழு. அவருடைய முன் அறையில் மாட்டிப் பார்த்தேன். முப்பத்துநான்கு. சட்டியால் குறைவது ஒரு கோடுதான். மீதிச் சூடு சுவர் வழியாக வருகிறது. நான் இரண்டே நாள்தான் பார்த்தேன். நீங்கள் ஒரு மாதம் பாருங்கள், வேறு ஆளை வைத்துப் பாருங்கள், கோலால் தட்டியும் பாருங்கள். ஆனால் என் நோட்டை நம்பி அந்த சன்ஷேடை எடுத்துவிடாதீர்கள். முப்பது வீட்டிலும் மேற்கு அறையில் யாராவது மதியம் படுப்பார்கள். அவர்களும் பழகிடுச்சு என்றுதான் சொல்வார்கள். வீட்டின் முகப்பில் மேடத்தின் பெயர் இருக்கும்.

இந்த இடம் வரை எழுதியபோது அப்பா எழுந்து வந்தார். புத்தகத்தை மூடிவிட்டேன். கதவில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

“தூங்கலயா?”

“நாளைக்கு டெஸ்ட்டுப்பா.”

நிமிர்ந்து தளத்தைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. “முன் ரூம்ல வந்து படிமா. இது ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ஆறாது. இங்க கெடந்து வேகாத.”

“தோ வரேம்ப்பா.”

அவர் உடனே போகவில்லை. ஃபேனை இன்னும் ஒரு சுற்று திருகிவிட்டார். அது ஏற்கெனவே கடைசியில்தான் ஓடிக்கொண்டிருந்தது. “அம்மா தெனம் இதுலதான் படுக்குது,” என்று தனக்குள் சொல்வது போலச் சொல்லிவிட்டுப் போனார்.

நாளை திங்கட்கிழமை. பஸ்ஸை விட்டு இறங்கியதும், பள்ளிக்குப் போகுமுன் இதை அலுவலகத்தில் கொடுத்துவிடுவேன். பயமாக இருக்கிறது. நாளை மாலை வீட்டுக்குத் திரும்பும்போது அப்பா எந்த முகத்தோடு இருப்பார் என்று தெரியவில்லை. மலரில் எதை அச்சிடுவது என்று நீங்கள் முடிவு செய்யுங்கள். ப்ளான் போகுமுன் இதை எல்லோரும் வாசித்துவிட வேண்டும். அப்பாவிடம் பேச நீங்கள் வருவீர்கள். முதலில் மற்ற ஒன்பது வீட்டுத் தளங்களையும் தட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள். ஒன்றில்கூட சட்டி குறைந்திருக்காது. அவர் குறைத்தது தன் வீட்டில் மட்டும்தான். அதை மேடத்திடம் சொல்லியிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் வாய்ப்பு ஒரு மாதம் முழுக்க, நாளுக்கு நாலு வேளை எனக்கு இருந்தது.

தெர்மாமீட்டர்கள் உங்களுடையவை, எடுத்துக்கொள்ளுங்கள். சுவரில் வைத்த அவருடைய கை, நான் இருபது வரை எண்ணியது, அது என்னிடம் இருக்கும். நோட்டின் கடைசிக் கட்டத்தையும் நான் வைத்துக்கொள்கிறேன். இனி எந்தத் தாளில் எந்த நம்பர் எழுதினாலும் அந்தக் கட்டத்தைப் போட்டுவிட்டுத்தான் எழுதுவேன்.

கிழித்த முதல் பக்கத்தை எறியவில்லை. இரண்டு மாதமாக இந்தக் கெமிஸ்ட்ரி புத்தகத்துக்குள்தான் இருக்கிறது. இதோடு இணைத்திருக்கிறேன். வாசிக்க முடியாதபடி கசங்கியிருந்தால், அதில் இருப்பது இது:

மேற்கு அறை. மதியம் மூன்று மணி. முப்பத்தொன்பது.

எழுதியவர்: ஏ. திவ்யா.